உத்தரத்துக்கு ஒரு பளிங்குப் பலகை

இன்னும் இரண்டு வெள்ளி கழித்து மூத்த மகனின் வலீமா, கல்யாண விருந்து. அது தன் சொந்த மண்டபத்தில்தான் என்று ஜபார் ஹாஜியார் புத்தளம் முழுக்கச் சொல்லியாயிற்று. கேள்விப்படாதவர்கள் முந்தல் பக்கம் ஓரிருவர் மீதியிருக்கலாம்.

மண்டபத்தின் நடு உத்தரம் மட்டும் இந்த உற்சாகத்தில் சேரவில்லை. களப்புக் காற்றின் உப்பு கொங்கிறீட்டுக்குள் நுழைந்து கம்பியைத் தின்று, அடியில் வெடிப்பு ஓடியிருந்தது. பொறியியலாளர் ஷிஹாரா துருவைச் சுரண்டி, புண்ணை அடைத்து, உத்தரத்தின் அடியில் கறுப்பாக ஒரு காபன் நார்ப் பட்டையைப் பசை தடவி ஒட்டினாள்.

"இவ்வளவுதானா மகள்? குடைச்சீலை மாதிரி இரிக்கி."

"இழுத்துப் பார்த்தா இரும்பே தோத்துப் போகும் ஹாஜியார். ஒரு கிழமை காயட்டும்."

காய்ந்தது. ஹாஜியாருக்கு வேறு கவலை முளைத்தது. மேலே பெயின்ட் அடித்தால் இந்த விஞ்ஞானம் யார் கண்ணில் படும்? பள்ளிவாசலுக்குக் கொடுத்த மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் பெயர் எழுதி, வாசிக்க வசதியாக மெதுவாகச் சுழலவிடச் சொன்னவர் அவர்.

ஆகவே பளிங்குப் பலகை வந்தது: 'அதிநவீன காபன் நாரினால் வலுவூட்டப்பட்டது. உபயம்: அல்ஹாஜ் ஜபார்.' அண்ணாந்தால் தெரியும்படி, உத்தரத்தின் அடியில், சரியாக நடுவில்.

மேசன் வின்சன்ட் ட்ரில்லோடு ஏணியில் தயங்கினான். "ஹாஜியார், இந்தக் கறுப்புல ஓட்டை போடலாமா?"

"இரும்பையே தோற்கடிக்கிற சாமான்டா! போடு!"

நாலாவது ஓட்டையின் தூசி அடங்கும்போது, கடைசியாக ஒருமுறை பார்த்துப் போக வந்த ஷிஹாரா வாசலில் நின்றாள்.

"அல்லாஹ்வே! அந்த நார் நீளத்துக்கு அறுபடாம ஓடினாத்தானே பலம்?"

"நாலு ஓட்டைதானே மகள்?"

"இடுப்பில சாரத்தை இறுக்கிக் கட்டிட்டு, கட்டின இடத்திலயே கத்தரி வச்சிட்டீங்க."

ஹாஜியாரின் கை தன்னையறியாமல் இடுப்புக்குப் போனது.

"அந்தப் பலகையை வெளிய போடுங்க. மேல இன்னொரு பட்டை ஒட்டுறன். அது காயிற வரைக்கும் உள்ளுக்கு ஒருத்தரும் வரப்படாது."

"வெள்ளிக்கிழமை வலீமா! நான் ஊரெல்லாம் சொல்லிட்டனே!"

பின்னால் நின்ற மனைவி பரீனா சொன்னாள்: "வெளி முத்தத்தில போடுங்க சாப்பாட்டை. வானத்துல ஓட்டை போட வின்சன்ட்ட ஏணி எட்டாது."

வெள்ளிக்கிழமை தென்னைகளுக்கு இடையில் கூடாரம். சஹன் தட்டுகளைச் சுற்றி ஆறு ஆறு பேராக ஊர் உட்கார்ந்து சிரித்தது. அடுப்பிலிருந்து இறக்கி வைத்த புரியாணிச் சட்டி மணலில் சாய்ந்தது. சமையல்காரர் சுவரோரம் கிடந்த எதையோ இழுத்து அடியில் கொடுத்தார். சட்டி நிமிர்ந்தது.

மறுசோறு கேட்டு வந்த சம்பந்தி, சட்டிக்கு அடியில் பாதி நீட்டிக்கொண்டிருந்ததைக் குனிந்து வாசித்தார்.

"ஹாஜியார்! சட்டிக்குமா காபன் போட்டிருக்கிங்க?"

ஹாஜியார் பூட்டிய மண்டபத்தைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார். நெஞ்சை நிமிர்த்தினார்.

"ஓம்," என்றார். "அதிநவீனம்."