லிங்கராஜபுரத்துக்கு ஒரு பெட்டி

மம்மி பெட்டியைக் காதோரம் வைத்துக் குலுக்கினாள். உள்ளே டப்பா லேசாக இடித்தது.

"ஆடுது. பிரி."

நான் டேப்பைக் கத்தியால் கீறினேன். சாயங்காலம் ஆறு மணிக்கு க்ளென் என்னைக் கூட்டிப்போக வருவான். அதற்குள் மம்மியிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அதற்காகத்தான் காலையில் அவன் பைக்கின் பின்னால் உட்கார்ந்து லிங்கராஜபுரத்திலிருந்து விவேக் நகரில் மம்மி வீட்டுக்கு வந்தேன். மதியச் சாப்பாடு முடிந்து வெகுநேரமாகியும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் இன்றைக்கே அந்த வீட்டுக்குத் திரும்பியாக வேண்டும்.

எனக்கும் க்ளெனுக்கும் கல்யாணம் முடிந்து இன்னும் இரண்டு வாரம் ஆகவில்லை. வர முடியாதவர்களுக்குக் கல்யாணக் கேக்கைத் துண்டு போட்டு அனுப்பிவைப்பது எங்கள் குடும்பத்து வழக்கம். கோலார் தங்கவயலில் படுக்கையில் கிடக்கும் பெரியம்மா, கோயம்புத்தூர் மாமா, செகந்திராபாத்தில் இருக்கும் என் ஞானத்தாய், மண்டியா கான்வென்ட்டில் ஒரு சிஸ்டர். இவர்களுக்கென்றே மம்மி ஐசிங் போடாத கேக் ஒன்றைத் தனியாகச் சுட்டு வைத்திருந்தாள். ரம்மில் ஊறிய பழம் போட்டது. எவ்வளவு தூரம் போனாலும் கெடாது. உடையாமல் போக வேண்டும், அவ்வளவுதான். அதற்காகத்தான் க்ளெனுக்கு ஃபோன் செய்து, "ஒரு நாளைக்கு மௌரீன அனுப்புங்க மாப்ள, பேக் பண்ண கை வேணும்" என்று கேட்டிருந்தாள். அவனும் சிரித்துக்கொண்டே சரியென்றான். அவன் யாரிடமும் முடியாது என்று சொல்ல மாட்டான்.

"காகிதத்த இன்னும் கசக்கி வை," என்றாள் மம்மி. "டப்பாக்கும் பெட்டிக்கும் நடுவுல காத்து கூட இருக்கக் கூடாது. போன வருஷம் கிறிஸ்மஸுக்கு உங்க பெரியம்மாக்குப் போனது உப்புமாவாத்தான் போச்சாம். ஸ்பூன்ல அள்ளித் தின்னேன்னா."

"பல்லு இல்லாதவங்களுக்கு அதுவே வசதி."

"வாயப் பாரு. கல்யாணமாகியும் திருந்தல."

நான் சிரித்தேன். என் சிரிப்பு எனக்கே இயல்பாகக் கேட்டது. அதுதான் பயமாக இருந்தது. இப்படியே சிரித்துக்கொண்டே ஆறு மணி வரை போய்விடலாம். பைக்கில் ஏறும்போதும் சிரித்துவிடலாம்.

"மம்மி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு. அந்தக் கத்திரிக்கோலக் குடுத்துட்டு சொல்லு."

கொடுத்தேன். அவள் பட்டர் பேப்பரை அளந்து வெட்டினாள். துண்டை அதன் நடுவில் வைத்து, பரிசுப் பொருளைச் சுற்றுவது போல மடித்தாள். அதன் மேல் ஃபாயில். விளிம்புகளை விரலால் அழுத்திக்கொண்டே வந்தாள். டாடி இறந்த பிறகு அவள் எந்த வேலையையும் இவ்வளவு நிம்மதியாகச் செய்து நான் பார்த்ததில்லை. க்ளெனைப் பார்த்து முடித்தவள் அவள்தான். பூசையில் அவன் பாடுவதைக் கேட்டு, விசாரித்து, நாலு பேர் சொன்னதை ஒத்துப் பார்த்து முடித்தாள்.

"என்னமோ சொல்லணும்னியே?"

"கேக் நல்லா வந்திருக்குன்னேன்."

"அத நீ சொல்லணுமா?"

இத்தனை நாளும் பகல் முழுவதும் என் கையில் ஃபோன் இருந்தது. அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது என்று ஒவ்வொரு நாளும் வாக்கியங்களை அடுக்கிப் பார்த்தேன். எது சொன்னாலும் விஷயம் சின்னதாகிவிட்டது. அடிச்சானா என்று கேட்பாள். இல்லை. குடிக்கிறானா? இல்லை. திட்டினானா? அவன் குரலே உயராது. அவள் கேட்கக்கூடிய எல்லாவற்றுக்கும் இல்லை என்று சொல்லி முடித்தபின், என்னிடம் மிஞ்சுவதை யார் கேள்வியாகக் கேட்பார்கள்?

வெளியே ஆட்டோக்களின் ஹாரன் விடாமல் கேட்டது. வியாழக்கிழமை. குழந்தை யேசு கோயிலுக்கு ஊரே வந்திருந்தது. மேசையின் ஓரத்தில் ஒட்டி முடித்த பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. கொரியர்காரர் நாகேஷும் சாயங்காலம்தான் வருவார்.

கடைசியாக ஒரு பெட்டி மிஞ்சியது. மம்மி அதில் மற்றவற்றைவிடப் பெரிய துண்டாக எடுத்து வைத்தாள்.

"இது யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

"நான் கையிலயே எடுத்துட்டுப் போயிடுறனே."

"பைக்லயா? இருக்கிற பள்ளத்துல எல்லாம் எறங்கி ஏறினா தூள்தான். கொரியர்ல போடுறேன், நாளைக்கு மத்தியானம் வந்துடும். வாங்கிக்க ஆள் இருக்கணும்னு நாகேஷ் சொல்வான். நீ வீட்லதான இருப்ப?"

"இருப்பேன்."

"பின்ன என்ன. வாங்கி வச்சுக்கோ."

"வாங்க முடியாது மம்மி."

"ஏன், தூங்கிடுவியா?"

"கதவு பூட்டியிருக்கும். வெளில."

அவள் டேப்பின் நுனியை நகத்தால் தேடிக்கொண்டிருந்தாள். "சாவியத் தொலைச்சிட்டியா?"

"எங்கிட்ட சாவியே இல்ல. க்ளென் ஆபீஸ் போறப்ப வெளில பூட்டிட்டுப் போறாரு. சாயங்காலம் வந்து தெறக்கிறாரு."

டேப் கிர்ரென்று பிரிந்தது. அவள் ஒரு நீளம் இழுத்து, பெட்டியின் மேல் ஒட்டி, கையால் தடவினாள்.

"புது ஏரியா. நீ தனியா இருக்கியேன்னு பயந்திருப்பாரு."

"நானும் மொதல் நாள் அப்படித்தான் நெனச்சேன். சாவி கேட்டேன். எதுக்குன்னாரு. எங்க போகணும் சொல்லு, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்னாரு."

"நல்லாதான பேசியிருக்காரு."

"நல்லாதான் பேசுவாரு."

மம்மி என்னைப் பார்க்கவில்லை. இன்னொரு நீளம் இழுத்தாள். சொன்னது தப்போ என்று தோன்றியது. நான் பயந்தது போலவே விஷயம் மேசைமேல் சின்னதாகக் கிடந்தது. எடுத்து உள்ளே வைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் வாய் திறந்துவிட்டது, அதனால் மிச்சத்தையும் சொன்னேன்.

"ஒரு நாள் சிலிண்டர்காரன் வந்து பெல் அடிச்சான் மம்மி. நான் கதவுகிட்டப் போயி நின்னேன். அவன் மறுபடி மறுபடி அடிக்கிறான். கதவு பூட்டியிருக்கு, புருஷன் பூட்டிட்டுப் போயிருக்கான்னு எப்படிச் சொல்றது? வீட்ல யாரும் இல்லைன்னு கன்னடத்துல சொன்னேன்."

"யாரு?"

"நான்தான். உள்ள இருந்துட்டு."

டேப் பாதியில் நின்றது.

"அவன் என்ன பண்ணான்?"

"சிரிச்சான். கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போயிட்டான்."

அவள் டேப்பைக் கீழே வைத்தாள். மேசையின் மேல் இல்லாத துணுக்குகளை உள்ளங்கையால் கூட்டி ஒதுக்கினாள். ரொம்ப நேரம் ஒதுக்கினாள்.

"அடுப்புல எண்ணெ பத்திக்கிச்சின்னா எப்படி வெளிய வருவ?" என்றாள்.

ஒவ்வொரு காலையும் அவன் பைக் சத்தம் தெரு முனையில் தேய்ந்த பிறகு நான் அடுப்படி ஜன்னல் கம்பிகளைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். நெருப்பைப் பற்றி நினைத்ததில்லை. மதியம் என்ன சமைப்பது என்று நினைப்பேன்.

"திங்கக்கிழமை ஸ்கூல் வேலைல சேரணுமே நீ?"

"இந்த வருஷம் வேணாம்ங்கிறாரு."

அப்போது பெல் அடித்தது.

மம்மி எழுந்தாள். நாகேஷாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். கதவு திறந்தது. "என்ன ஆன்ட்டி, வீட்டையே ஃபேக்டரி ஆக்கிட்டீங்க!" என்றபடி க்ளென் உள்ளே வந்தான். ஆறு மணிக்கு இன்னும் நேரமிருந்தது.

"வாங்க மாப்ள, உக்காருங்க."

அவள் குரலில் எந்த மாற்றமும் இல்லை. காபி போட்டாள். கேக்கின் ஓரத் துண்டுகளைத் தட்டில் வைத்துக் கொடுத்தாள். அவன் ரசித்துச் சாப்பிட்டான். "இதுக்காகவே இன்னொரு கல்யாணம் பண்ணலாம் ஆன்ட்டி," என்றான். அவளும் சிரித்தாள். எனக்கு இருந்தது ஒரே ஒரு கதவு, அதையும் தட்டியாகிவிட்டது.

"மௌரீன், கை கழுவு. கோயில் கூட்டம் கலையறதுக்குள்ள போயிடலாம்."

நான் குழாயடியில் நின்று கழுவிக்கொண்டே இருந்தேன். முதுகுக்குப் பின்னால் மம்மி பேசுவது கேட்டது.

"மாப்ள, உங்க வீட்டுக்கும் ஒரு பெட்டி போட்டிருக்கேன். நாளைக்கு மத்தியானம் வரும்."

"எதுக்கு ஆன்ட்டி, இப்பவே எடுத்துட்டுப் போறேன்."

"பைக்ல உடைஞ்சிடும்."

"அப்ப சாட்டர்டே வர்ற மாதிரி அனுப்புங்க. நான் வீட்ல இருப்பேன்."

"மௌரீன் இருக்காளே?"

"அவளுக்கு எதுக்கு ஆன்ட்டி சிரமம்."

"ஒரு பெட்டி வாங்குறது என்னா சிரமம்? ஒரு சாவி அவகிட்டக் குடுத்துட்டா வாங்கிக்குவா."

தண்ணீரை நிறுத்தினேன். அவன் காபியை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"உங்களுக்குத் தெரியாதா ஆன்ட்டி? இவ யார்கிட்ட வேணாலும் சிரிச்சுப் பேசுவா. பால்காரன், கொரியர்காரன், எல்லார்கிட்டயும். சாவி குடுத்தா கதவு மூடவே மூடாது." சிரித்தான். "கொஞ்ச நாள்ல பழகிடும். நான் பழக்கிடுவேன்."

அவன் எதையும் மறைக்கவில்லை. அவனுக்கு மறைக்க எதுவும் இருப்பதாகவே தெரியவில்லை. மாமியாரிடம் சமையல் குறிப்பு சொல்வது போலச் சொன்னான். நான் திரும்பி மம்மியைப் பார்த்தேன். அவள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோயிலில் அவன் பாடும்போது பார்த்த அதே முகத்தை இப்போது வேறு எங்கிருந்தோ பார்ப்பது போல.

மறுபடி பெல் அடித்தது. இந்த முறை நாகேஷ். ஹெல்மெட்டைக் கழற்றாமலே, "ஜோசஃபினம்மா, ரெடியா?" என்று வாசலில் நின்றார்.

"உள்ள வாப்பா. எல்லாத்தையும் எடை போடு."

"ஆன்லைன்ல போட்டிருக்கீங்கல்லம்மா, நான் அப்படியே எடுத்துக்கிறேன்."

"இல்ல, போடு. ஒவ்வொண்ணா போடு. எனக்கு அவசரம் இல்ல."

அவர் பையிலிருந்து தொங்கும் தராசை எடுத்தார். மம்மி பெரியம்மாவின் பெட்டியை நீட்டினாள். க்ளென் எழுந்தான்.

"நாங்க கிளம்புறோம் ஆன்ட்டி. வா மௌரீன்."

மம்மி பெட்டியைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தாள். அவள் செய்யக்கூடியதைச் செய்துவிட்டாள் என்று புரிந்தது. வெளியாள் ஒருவரை வீட்டுக்குள் நிறுத்தியிருந்தாள். மிச்சம் என்னுடையது.

"நான் வரல," என்றேன். தரையைப் பார்த்துச் சொன்னேன்.

"ஏனு?" என்று கன்னடத்தில் கேட்டபடி நாகேஷ் நிமிர்ந்தார். தன்னிடம் ஏதோ சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

"உங்ககிட்ட இல்லண்ணா." க்ளெனைப் பார்த்தேன். "நான் வரல க்ளென். இங்கதான் இருக்கப் போறேன்."

அவன் சிரித்தான். நாகேஷைப் பார்த்தும் சிரித்தான், புது மனைவியின் செல்லத்தைப் பகிர்ந்துகொள்வது போல. "வெளில வா, பேசிக்கலாம்."

"இங்கயே பேசு."

"மௌரீன்." குரல் உயரவில்லை. "செருப்பு போடு."

என் கால் அசைந்தது. அதை நான் மறக்கப் போவதில்லை. நான் முடிவெடுத்த பிறகும் வலது கால் செருப்பிருந்த பக்கம் அரை அடி நகர்ந்தது. பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அதில் உட்கார்ந்தேன்.

"நூத்தி... இல்ல, எண்ணூத்தி இருபது கிராம்," என்றார் நாகேஷ், யாரையும் பார்க்காமல். "அடுத்தது குடுங்கம்மா."

மம்மி அடுத்ததைக் கொடுத்தாள். அதற்கடுத்ததைக் கொடுத்தாள். ஒவ்வொரு பெட்டிக்கும் அவர் எடையைச் சத்தமாகச் சொன்னார். முதலில் எடை போடாமலே எடுத்துப்போகிறேன் என்றவர், இப்போது ஒரு பெட்டியை இரண்டு தடவை நிறுத்தார். க்ளென் நடுவில் நின்றான். மூன்றாம் மனிதர் முன்னால் என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவனைத் தெரியாத ஒருவர் முன்னால் அவன் இப்படி நிற்பதை இப்போதுதான் முதன்முதலாகக் கண்டேன்.

"ஆன்ட்டி, நீங்களாவது சொல்லுங்க."

"அவ சொல்லிட்டாளே மாப்ள," என்றாள் மம்மி. அடுத்த பெட்டியை எடுத்து நாகேஷிடம் நீட்டினாள்.

அவன் மேசையைப் பார்த்தான். லிங்கராஜபுரம் முகவரி எழுதிய பெட்டி டேப் பாதி ஒட்டியபடி கிடந்தது. அதை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டான். "என் வீட்டு அட்ரஸ்தான இது," என்றான். அதைவிட வேறெதுவும் அவனுக்குத் தோன்றவில்லை போலும். படியில் இறங்கும் சத்தம் கேட்டது. பைக் கிளம்ப நேரமாயிற்று. எங்கள் மூவரில் யாரும் அது கிளம்பும் வரை அசையவில்லை.

நாகேஷ் பெட்டிகளைப் பையில் அடுக்கிக்கொண்டார். வாசலில் நின்று எதையோ சொல்ல வாயெடுத்து, "உடையாமப் போயிடும்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார்.

மம்மி எனக்கு எதிரில் உட்கார்ந்தாள். அணைத்துக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டில் அது வழக்கமில்லை. மேசைமேல் ஃபாயில் துண்டுகளும் பட்டர் பேப்பர் வெட்டுகளும் சிதறிக் கிடந்தன.

"அது போய்ச் சேர்ந்ததும் எல்லாரும் ஃபோன் பண்ணுவாங்க," என்றாள். "நல்லா இருங்கன்னு சொல்ல."

"தெரியும்."

"உங்க பெரியம்மா அழுவா."

"தெரியும் மம்மி."

"நான் என்ன சொல்றது அவங்களுக்கு?" அதைக் கோபமாகத்தான் கேட்டாள். என்மேல்தானா, அவன்மேலா, கோயிலில் பாட்டு கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த தன்மேலா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

பதில் சொல்வதற்குள் அவள் ஃபோன் அடித்தது. க்ளெனின் அம்மா. இவ்வளவு சீக்கிரம். வழியில் எங்கோ வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பேசியிருக்க வேண்டும். மம்மி திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் விரல் திரைக்குமேல் நின்றது.

"எங்கிட்டக் குடு," என்றேன்.

கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஃபோனை வாங்கினேன். ஹலோ என்றதுமே அந்தப் பக்கம், என்ன மௌரீன், சின்ன விஷயத்துக்கெல்லாம் இப்படியா, என்று தொடங்கிவிட்டார்கள். முடியும் வரை கேட்டேன். பிறகு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.