எல்லாம் இருக்கட்டும்

“பிளக்கைப் பிடுங்குங்க சார்,” என்றாள் மேலாளரிடம்.

பிஸ்கட் கடிக்கும் சத்தம் நின்றது. இதை மட்டும் கேட்டுவிடாதே என்று டீம் லீடர் காலையில்கூடக் கெஞ்சியிருந்தார். கருவியை வாங்க வரும் ஆஸ்பத்திரி நிர்வாகி முன்னால் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், வேலை நிரந்தரம் என்றார். அவளும் தலையாட்டிவிட்டுத்தான் கூட்ட அறைக்குள் வந்தாள்.

மேசை நடுவில் அந்தக் கருவி பச்சை விளக்கோடு உட்கார்ந்திருந்தது. குறைமாதக் குழந்தைகளுக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றுவது அதன் வேலை. அதற்குள் ஓடும் இயங்குதள மென்பொருள் பாகம் பாகமாகக் கிடைப்பது. வேண்டியதை மட்டும் பொறுக்கிக் கோத்துக்கொள்ளலாம். அவள் அப்படித்தான் கோத்தாள். மோட்டாருக்கு ஒன்று, திரைக்கு ஒன்று, அபாய மணிக்கு ஒன்று, அவ்வளவுதான். மேலாளருக்கு அது பிச்சைக்காரத்தனமாகப் பட்டது. இனிக்க இனிக்கப் பேசியே ஆளைக் கவிழ்ப்பதால் அவருக்குச் சர்க்கரை என்று பெயர். படம் காட்டும் பாகம், பாட்டுப் போடும் பாகம் என்று ஒன்று விடாமல் சேர்க்கச் சொன்னார். பிரிண்டர் ஒயர் சொருக ஓட்டையே இல்லாத கருவிக்கு பிரிண்டர் பாகமும் வந்து சேர்ந்தது. எடுத்தால் நாளைக்கு யார் பதில் சொல்வது, எல்லாம் இருக்கட்டும் என்பார். அந்த ஆபீசில் எதையும் சேர்த்ததற்காக யாருக்கும் வேலை போனதில்லை.

பேட்டரி செத்த நேரத்தில் கரண்டும் போனால் என்ன ஆகும் என்று பார்க்கலாம் என்றாள். யாரும் அசையவில்லை. நிர்வாகிதான் வேடிக்கை பார்க்கும் ஆசையில் சரி என்றார். அவளே எழுந்து பேட்டரியைக் கழற்றினாள், பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகினாள்.

திரையில் முதலில் ஒரு பூ மலர்ந்தது. பிறகு வரவேற்பு இசை. பிறகு, பிரிண்டரைத் தேடுகிறேன், காத்திருக்கவும் என்றது. குழாய் நுனியில் ஒரு சொட்டு விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அபாய மணி மூச்சுவிடவில்லை. அது எழுந்திருக்கவே இல்லை. நிர்வாகி ஒரு கிரீம் பிஸ்கட்டைப் பிரித்து, கிரீமை நக்கி, மிச்சத்தைத் தின்று, விரலைத் துடைத்து முடித்த பிறகுதான் சொட்டு விழுந்தது.

“பாட்டு நல்லா இருக்கே,” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். டீம் லீடரும்தான். தேவையானதை மட்டும் வைத்தால் கண் மூடித் திறப்பதற்குள் எழுந்துவிடும், அப்படிக் கோத்த ஒன்று கீழே தயாராக இருக்கிறது, கொண்டுவரட்டுமா என்று அவள் கேட்டாள்.

சர்க்கரை குரலை இறக்கினார். “உங்க வீட்டுலயே முதல்ல காலேஜ் பார்த்தவ நீ. நீ சேர்ந்த அன்னிக்கு உங்கப்பா வாசல்ல நின்னு என்னைக் கும்பிட்டுட்டுப் போனார்மா. அவருக்காகவாவது கொஞ்சம் அடங்கி இரேன்.”

இது அவளுக்குத் தெரியாது. அப்பா சொல்லவில்லை. கழுவிக் கழுவியும் கிரீஸ் போகாத அந்தக் கைகள் இந்த ஆளின் முன்னால் குவிந்ததை நினைத்ததும் உடம்பெல்லாம் கூசியது.

“அவர் கும்பிட்டது வேலை குடுத்ததுக்கு சார். என் வாயை வாடகைக்கு எடுத்ததுக்கு இல்ல.”

அவர் சிரிப்பு மாறாமல் டேப்லெட்டை அவள் பக்கம் தள்ளினார். சோதித்தவர் என்ற இடத்தில் ஒரு பெயர் வந்தால்தான் கருவி வெளியே போகும்.

“என் பேர் இதுல வராது. வேலையும் வேண்டாம்.”

வேறு யாராவது பெயர் போடலாமா என்று நிர்வாகி பொதுவாகக் கேட்டார். டீம் லீடர், அவள் முகத்தைப் பார்க்காமல், டேப்லெட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். மாடிப்படியில் இரண்டு பேர் கருவியை அடைக்கும் அட்டைப்பெட்டிகளைத் தலைக்குமேல் அடுக்கி ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் திரையில் மலர்ந்த அதே பூ, ஏற்கெனவே அச்சடித்து, மை காய்ந்து. “கொஞ்சம் ஒதுங்கும்மா,” என்றார் முன்னால் வந்தவர். அவள் சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள். கடைசிப் பெட்டியின் முனை அவள் தோளை உரசிக்கொண்டு மேலே போனதும், கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்கினாள்.