அன்பான கணவர், தந்தை, தாத்தா

பட்டியலில் ஒரு வரிதானே. அதை மட்டும் எடுத்துவிட்டால் போதும், யாருக்கும் தெரியப்போவதில்லை. இரண்டாயிரத்துப் பதின்மூன்று பேரில் ஒருவர் குறைந்தால் குடியா முழுகிவிடும்? இரண்டாயிரம் இருந்தால் போதும் என்றுதானே பிளாமென் சொன்னான். எடுத்துவிட்டு மீதியை அவன் கையில் கொடுத்து அனுப்பிவிடலாம். அப்புறம் ஒரு காப்பி குடிக்கலாம்.

தெமெனுகா எடுத்துவிட்டாள். வரி போன இடத்தில் வெற்றிடம்கூட மிஞ்சவில்லை. மேலே இருந்த கிழவியும் கீழே இருந்த லாரி ஓட்டுநரும் சட்டென்று ஒட்டிக்கொண்டார்கள், நடுவில் எவரும் இருந்ததே இல்லை என்பதுபோல. திரையின் மூலையில் எண் மட்டும் இரண்டாயிரத்துப் பன்னிரண்டாக மாறியது.

எழுந்தாள். ஜன்னலைத் திறந்தாள். வெக்கை உள்ளே வந்தது, மூடினாள். மறுபடி உட்கார்ந்தாள். மேஜைக்கடியில் வலது முழங்கால் தன்பாட்டில் ஆடிக்கொண்டிருந்தது. அதைக் கையால் அழுத்திப் பிடித்தால் இடது முழங்கால் ஆடத் தொடங்கியது.

கலினோவெட்ஸ் நகராட்சியில் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றும் இருபத்து நான்கு வருடங்களாக அவள் மேஜையைக் கடந்துதான் போகின்றன. சமீப வருடங்களில் முதல் இரண்டும் குறைந்துவிட்டன. மூன்றாவது மட்டும் தவறாமல் வருகிறது, ஆண்டுக்குத் தொண்ணூறு, நூறு என்று.

இந்த ஊரில் ஒருவர் இறந்தால் அவர் படத்தோடு ஒரு தாள் அடித்து ஒட்டுவார்கள். அவர் வீட்டு வாசற்கதவில், அவர் பேருந்துக்கு நின்ற இடத்தில், அவர் சீட்டாடிய காப்பிக்கடைச் சுவரில். நாற்பதாம் நாள் ஒன்று, அரை வருடத்துக்கு ஒன்று, அப்புறம் வருடா வருடம். மழையில் மை கரையும், வெயிலில் முகம் வெளுக்கும், அதன்மேல் அடுத்த தாள் ஏறும். ரொட்டி வாங்கப் போகிற வழியிலேயே யார் போனார்கள், யார் போய் எத்தனை வருடமானது என்று தெரிந்துவிடும்.

இது பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று போன வருடம் நகரமன்றத்துக்குத் தோன்றிவிட்டது. ஐரோப்பிய நிதி வந்தது. சதுக்கத்தின் நடுவே ஆள் உயரத்துக்கு இருமடங்காக ஒரு மின்பலகை எழுந்தது. பலகைக்கு மின்சாரம் தரும் சூரியத் தகடுகளுக்கு நிழல் விழுகிறது என்று நாற்பது வருட லிண்டன் மரத்தை வெட்டினார்கள். மரம் போனதும் வெயில் நேராகப் பலகை முகத்தில் அடித்தது. பத்து மணிக்குமேல் அதில் எதுவும் தெரியாது. இரண்டு மணிக்குச் சூடேறித் தானாக அணைந்துவிடும். கம்பங்களிலெல்லாம் 'தாள் ஒட்டாதீர், மீறினால் அபராதம்' என்று வழுவழுப்பான தகரப் பலகைகள் அறைந்தார்கள். ஊர்க்காரர்களுக்கு அவை மிகவும் பிடித்துப்போயின. அவ்வளவு சமமான பரப்பு, பசை நன்றாகப் பிடித்தது.

எட்டு மாதத்தில் பலகைக்கு வந்த அறிவிப்புகள் பதினொன்று. ஆனால் நிதி கேட்ட விண்ணப்பத்தில் முதல் ஆண்டுக்கு இரண்டாயிரம் என்று எழுதியிருந்தது. கடலோரப் பெருநகரம் ஒன்றின் விண்ணப்பத்தை அப்படியே எடுத்து ஊர் பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். எண்ணை மாற்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. படித்துப் பார்க்காமலேயே மன்ற உறுப்பினர்கள் பதினேழு பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். நாளை வெள்ளிக்கிழமை தலைநகர் சோஃபியாவிலிருந்து எண்ணிப்பார்க்க வருகிறார்கள்.

துணை மேயர் பிளாமென் செவ்வாய்க்கிழமை அவள் மேஜை விளிம்பில் வந்து உட்கார்ந்திருந்தான். அவன் கல்யாணத்தைப் பதிவு செய்தவள் அவள்தான், விவாகரத்தையும்.

"அக்கா, கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ரெண்டாயிரம் பேர்னா பக்கத்து ஊரையும் சேத்துக் கொன்னாக்கூடப் பத்தாது."

"எழுதும்போது தெரியலையா?"

"நானா எழுதினேன்? பழைய மேயர் காலத்துப் புண்ணியம். இப்ப காசைத் திருப்பிக் கேட்டா, கிண்டர்கார்டன் கொதிகலனுக்கு வெச்சிருக்கிறதுலதான் கை வைக்கணும். பனிக்காலத்துல குழந்தைங்க கோட்டு போட்டுக்கிட்டுப் பாட்டு பாடட்டுமா?"

"அதுக்கு நான் என்ன செய்யணும்?"

"உங்க பதிவேட்டுல இருக்காங்களே, இருபத்திரண்டு வருஷத்து ஆளுங்க. பட்டியலா எடுத்துக் குடுங்க. இத்தனையாவது ஆண்டு நினைவுன்னு ஏத்திடலாம். நினைக்கிறது தப்பா என்ன? சட்டம் அது இதுன்னு பயப்படாதீங்க, மேயர் கையெழுத்துப் போடுறார். முதல்ல ஒரு இருநூறு குடுங்க, ஓட்டிப் பாக்கிறோம்."

கொடுத்தாள். இருநூறு பேரும் கடைசி இரண்டு வருடத்தவர்கள். கொடுத்தபோது ஒன்றும் தோன்றவில்லை. முழுப் பட்டியலையும் இன்று காலை தேதிவாரியாக அடுக்கியபோதுதான், கீழே, ஏறக்குறைய முடிவில், அந்தப் பெயர் வந்தது. யாவோர் வெலிச்கோவ் த்ஸானெவ். ஆண். வயது என்ற கட்டத்தில் பூஜ்யம்.

மூன்று நாள் இருந்தான். கணினியில் நாட்களுக்குக் கட்டம் இல்லை.

அப்போது அவள் பிரசவ விடுப்பில் இருந்தாள், அவள் இடத்தில் இருந்த லால்கா தன் கையால் எழுதினாள். அந்த வருடத்துப் புத்தகம் பின் அறையில் மூன்றாம் தட்டில் இருக்கிறது. நகல் கேட்டு யாராவது வந்தால் தெமெனுகா அதில் வேண்டிய பக்கத்தை மட்டும் திறப்பாள், ஜூன் மாதத்தைத் தொடாமல். குழந்தைகளுக்குத் தாள் ஒட்டுகிற வழக்கம் இல்லை. அதனால் எங்கும் ஒட்டவில்லை, எந்த மழையிலும் கரையவில்லை. கணவன் வெலிச்கோ இருபத்தோரு வருடமாக அந்தப் பெயரை வாயில் எடுத்ததில்லை. மகள் தெஸாவுக்குத் தனக்கொரு அண்ணன் இருந்தான் என்றே தெரியாது. சொல்லக்கூடாது என்று யாரும் முடிவெடுக்கவில்லை. சொல்வதற்கு ஒரு நாள் வாய்க்கவில்லை, அவ்வளவுதான். அப்படித்தான் இதுவரை தனக்குத்தானே சொல்லி வந்திருக்கிறாள்.

இப்போது அந்த வரி பட்டியலில் இல்லை. பிறகு ஏன் இந்த முழங்கால் நிற்க மாட்டேன் என்கிறது?

காசாளர் அறைக்குப் போனாள், எதற்குப் போனோம் என்று மறந்து திரும்பினாள். குழாயில் கை கழுவினாள். கடைசியில் சிகரெட்டை எடுத்துக்கொண்டு சதுக்கத்துக்கு இறங்கினாள். மணி ஒன்பதேகால்.

பெட்கானா லிண்டன் மரத்தின் அடிக்கட்டையருகே குந்தி, கொத்துக்கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். அறுபது வயது, நகராட்சியின் ஆரஞ்சு மேற்சட்டை. தாள் சுரண்டும் வேலை அவளுக்கு. கட்டையில்கூட யாரோ ஒட்டியிருந்தார்கள்.

"வா பொண்ணே. நெருப்பு இருக்கா? எனக்கும் ஒண்ணு குடு. செத்தவங்கள சுரண்டுறதுக்குச் சம்பளம் வாங்குற ஒரே பொம்பளை நாட்டுலயே நான்தான்."

"இன்னைக்கு எத்தனை?"

"பதினாலு. நாளைக்கு ஆளுங்க வர்றாங்களாம், ஊரே பளபளன்னு இருக்கணுமாம். எங்க தெருவுல எல்லாத்தையும் எடுத்துட்டேன், எங்க வீட்டுக் கதவைத் தவிர." பெட்கானா புகையை விட்டாள். "அவரு போயி நாளைக்கு ஒரு வருஷம். அபராதம் போட்டா போடட்டும். வசூலிக்க என்னைத்தானே அனுப்புவாங்க."

தெமெனுகா சிரித்தாள்.

"அதோ பாரு, உன் ஆளுங்க ஓடுறாங்க" என்று பெட்கானா கரண்டியால் பலகையைக் காட்டினாள்.

வெயில் இன்னும் பலகையின் பாதிக்குத்தான் வந்திருந்தது. கையை நெற்றியில் வைத்தால் படிக்க முடிந்தது. ஒருவருக்கு எட்டு நொடி. படம் இல்லாததால் எல்லோருக்கும் ஒரே சாம்பல் நிறப் புறா. பெயர், வருடம், கீழே ஒரு வாசகம். ஒரு பெயர் போய் அடுத்தது வந்தது. மூன்றாவது பெயரில் தெமெனுகா சிகரெட்டைத் தாழ்த்தினாள்.

"எல்லாருக்கும் ஒரே மாதிரியா போட்டிருக்கு?"

"ஆம்பளைன்னா 'அன்பான கணவர், தந்தை, தாத்தா'. பொம்பளைன்னா 'அன்பான மனைவி, தாய், பாட்டி'. மெஷின்ல ரெண்டு வாசகம்தான் இருக்காம். தம்பி பிளாமென்கிட்டயே கேட்டேன். பத்து வாசகத்துக்குத் தனிக் காசாம், வேணாம்னுட்டாங்களாம்." பெட்கானா குரலைத் தாழ்த்தினாள். "நேத்து இசை வாத்தியார் தெயான் வந்தாரு. அன்பான கணவர், தந்தை, தாத்தா! ஒரு பொண்ணு கையைக்கூடத் தொடாம போனவரு. காப்பிக்கடையில இருந்தவனுங்க எல்லாம் கைதட்டிச் சிரிச்சானுங்க. 'எங்கடா ஒளிச்சு வெச்சிருந்தான் பேரப்புள்ளைங்கள'ன்னு."

"அவர் தங்கச்சி?"

"இங்கதான் நின்னுக்கிட்டிருந்தா. ரொட்டிப் பையோட. எட்டு செகண்டு முடிஞ்சதும் அடுத்த ஆளு வந்துட்டாரு. அவ நகரலை. திரும்ப அண்ணன் எப்ப வருவாருன்னு என்னைக் கேட்டா. நான் என்னத்தச் சொல்ல? இருநூறு பேரு சுத்தி வரணுமே."

தெமெனுகா பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தெயானை அவள்தான் கொடுத்தாள், பட்டியலில் முப்பத்தொன்பதாவதாக. மணமாகாதவர் என்ற கட்டமும் பக்கத்திலேயே இருந்தது. அதை அவர்கள் கேட்கவில்லை என்று அவள் அனுப்பவில்லை.

மூன்று நாள் இருந்தவனுக்குப் பேரப்பிள்ளைகள் வந்திருப்பார்கள். எட்டு நொடிக்கு அவன் தாத்தா ஆகியிருப்பான். உடனே ஒரு நிம்மதி வந்தது: நான்தான் எடுத்துவிட்டேனே. அந்த நிம்மதியை அவளால் மன்னிக்க முடியவில்லை.

ஏனென்றால் காலையில் பட்டியலில் பூஜ்யங்கள் வேறும் இருந்தன. ஓடுகிற கண் எண்ணாமலே எண்ணிவிட்டிருந்தது, அவனைச் சேர்த்துப் பதினைந்து. அவற்றில் ஒன்று மருந்துக்கடை ஸ்ட்ராவ்காவுடையது. ஸ்ட்ராவ்காவிடம் வாரத்துக்கு இருமுறை தலைவலி மாத்திரை வாங்குகிறாள். விலையும் வெயிலும் தவிர அவர்கள் எதையும் பேசிக்கொண்டதில்லை. இருவர் பிள்ளைகளும் ஒரே பட்டியலில் நாலு வருட இடைவெளியில் படுத்திருந்தது இருவரில் ஒருத்திக்குத்தான் தெரியும். அந்த ஒருத்தி தன் பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

"என்ன பொண்ணே, வெயில் ஒத்துக்கலையா? மூஞ்சி வெளுத்துப்போச்சு."

"ஒண்ணுமில்லைக்கா. நாளைக்கு உங்க வீட்டுக்கு வர்றேன்."

"வா. நினைவுநாள் படையலுக்குக் கோதுமை அவிச்சு வெக்கிறேன். அவருக்குச் சர்க்கரை தூக்கலா இருக்கணும்."

அறைக்குத் திரும்பியபோது பிளாமென் அவள் நாற்காலிக்கு எதிரே நின்றிருந்தான். சட்டைக்கழுத்து நனைந்திருந்தது. விரல்களுக்கிடையில் பென்டிரைவைச் சுழற்றிக்கொண்டிருந்தான்.

"எங்க போனீங்க அக்கா? மேயர் ரெண்டு தடவை கூப்பிட்டுட்டார். ரெடியா?"

"பலகையைப் பாத்துட்டு வந்தேன்."

"ஆமா, அந்த வாசகம் கொஞ்சம் உதைக்குது. யார் நின்னு படிக்கப்போறா, விடுங்க. பத்து மணிக்கு மேல ஒண்ணும் தெரியாது. அவங்க பதினொரு மணிக்குத்தான் வர்றாங்க, மெஷின்கிட்ட எண்ணை மட்டும் கேப்பாங்க."

"ஒண்ணும் தெரியாத பலகையில ரெண்டாயிரம் பேரு."

"நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்க!" அவன் குரல் உடைந்தது. கெட்டவன் இல்லை, தெமெனுகாவுக்குத் தெரியும். யாரோ போட்ட முடிச்சில் கழுத்தைக் கொடுத்துவிட்டு நிற்பவன். அவன் குனிந்து தணிவாகச் சொன்னான்: "இங்க பாருங்க. உங்க வீட்டு ஆளுங்க யாராச்சும் அதுல இருந்தா எடுத்துடுங்க. நான் கேக்க மாட்டேன். எங்க அப்பாவை நானும் எடுக்கத்தான் சொல்லப்போறேன்."

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். தனக்கு மட்டும் தோன்றியது என்று நினைத்திருந்தாள். எல்லோருக்கும் தோன்றும் போலிருக்கிறது. பலகை வேண்டும் என்று கையைத் தூக்கிய பதினேழு பேருக்கும், அவரவர் வீட்டுக் கதவில் மட்டும் தாள் இருக்கட்டும் என்று தோன்றியிருக்கும்.

உட்கார்ந்தாள். திரையில் கிழவியும் லாரி ஓட்டுநரும் ஒட்டியபடியே இருந்தார்கள். நீக்கியதைத் திரும்பக் கொண்டுவரும் விசைகளை அழுத்தினாள். இருவரும் விலகி இடம் விட்டார்கள். யாவோர் தன் இடத்துக்கு வந்தான். எண் இரண்டாயிரத்துப் பதின்மூன்று. முழுப்பெயரையும் உதடு அசையாமல் ஒருமுறை படித்தாள். பிறகு பட்டியலை மூடினாள். 'சேமிக்கவா?' என்று கணினி கேட்டது. வேண்டாம் என்றாள்.

"அக்கா? என்ன பண்றீங்க?"

"குடுக்கலை, பிளாமென்."

"குடுக்கலைன்னா?"

"அந்த இருநூறையும் எடுத்துடச் சொல்லு. நான் குடுத்தது தப்பு. எழுதிக் கேட்டா எழுதியே தர்றேன்."

"உங்க நாற்காலிக்கு ஆள் தயாரா இருக்கு, தெரியுமா? மேயர் மச்சினி மூணு மாசமா கேட்டுக்கிட்டிருக்கா. நாளைக்கே அவ வந்து உக்காந்து, இதே பட்டனை அழுத்துவா."

"அழுத்தலாம்."

"அப்ப எதுக்கு இந்த வீம்பு? குழந்தைங்க குளிர்ல..."

"கொதிகலனுக்கு நானும் வந்து மன்றத்துல பேசுறேன். இதை என்னைக் கேக்காதே."

சதுக்கத்தில் பெட்கானாவின் கரண்டி தகரத்தில் உரசுகிற சத்தம் கேட்டது. பிளாமென் பென்டிரைவை மேஜைமேல் வைத்தான், அவள் மனம் மாறுவதற்கு நேரம் கொடுப்பவன்போல. தெமெனுகா அதை எடுத்து, அவன் உள்ளங்கையைத் திருப்பி, அதில் வைத்து விரல்களை மூடிவிட்டாள்.

பின்பு பின் அறைச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள், மூன்றாம் தட்டில் அந்த ஜூன் மாதத்தைத் திறக்க.