எஞ்சின் கோளாறு

பெர்லித்தா தான் எழுதியதை இணையத்தில் இருந்த ஊர்க் குழுவில் போட்டபோது தெருவில் ஈ காக்கை இல்லை. படகோட்டி தேதுலோவை அடக்கம் செய்ய எல்லோரும் கல்லறைக்குப் போயிருந்தார்கள். கடையின் கம்பி வலைக்குப் பின்னால், ஷாம்பு சரங்களுக்கும் சோப்புத் தூள் சரங்களுக்கும் நடுவில் நின்றுகொண்டு, கைபேசியில் அந்த நீலப் பொத்தானைக் கட்டைவிரலால் தொட்டாள். தொட்ட கையோடு கைபேசியை அரிசி மூட்டைக்குள் சொருகிவிட்டு, துணியை எடுத்து ஏற்கனவே துடைத்த பாட்டில்களை மறுபடியும் துடைக்க ஆரம்பித்தாள்.

எழுதுவது அவளுக்குப் புதிதில்லை. ஆள் வராத நேரமெல்லாம் அவள் விரல் கைபேசியில்தான் ஊர்ந்துகொண்டிருக்கும். கடன் கணக்கு பார்க்கிறாள் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. காட்டுவதுதான் அவளுக்குக் கைவராத வேலை. கல்யாணத்துக்கு முன்னால் ஒருமுறை, அம்மா படுக்கையில் கிடந்த நாட்களை எழுதி, இலோயிலோ நகரத்து வானொலி ஒன்றுக்கு அனுப்பியிருந்தாள். அந்த அறிவிப்பாளன் இரண்டு வரி வாசித்தான். பிறகு குரலை இழுத்து அழுவதுபோல நடித்து, பின்னணியில் ஒரு கோமாளிச் சத்தமும் போட்டுவிட்டு அடுத்த கடிதத்துக்குத் தாவினான். ஊர் முழுக்க வானொலி ஓடிக்கொண்டிருந்த மத்தியான நேரம் அது. தெருவில் போனால் பையன்கள் அதே மாதிரி இழுத்து அழுது காட்டினார்கள். அதோடு சரி. அப்புறம் எழுதியதையெல்லாம் தன்னோடு வைத்துக்கொண்டாள்.

இப்போது போட்டதற்குக் காரணம் கோபம். தேதுலோவின் துக்க வீட்டில் ஊர் வழக்கப்படி, அடக்கம் வரை நாள் தவறாமல் சீட்டாட்டமும் காப்பியும் பிஸ்கட்டுமாகக் கூட்டம் இருந்தது. எல்லோரும் அவரைப் பற்றி ஒரே கதையைத்தான் சொன்னார்கள். நல்ல மனுஷன், ஆனால் அவர் படகு எஞ்சின் இருக்கிறதே, அது ஒரு சனியன். துறையை விட்டுக் கிளம்பியதும் திக்கித் திணறி, வந்த வழியே ஒரு வட்டம் அடித்துவிட்டுத்தான் நேராகப் போகும். சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பாதிரியார் கூட பிரார்த்தனைக்கு நடுவே அதைச் சொல்லிச் சிரிக்கவைத்தார். பெர்லித்தாவின் கடை துறைக்கு நேர் எதிரே இருந்தது. அந்த வட்டம் எதற்கென்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு காப்பி குடித்துவிட்டு வந்தாள். அந்த மனிதர் தப்பான பேரோடு மண்ணுக்குள் போகிறாரே என்று ஆறவில்லை. உட்கார்ந்து எழுதிவிட்டாள். நீளமாகப் போய்விட்டதால் இரண்டு பகுதி. 'துறைப் பூனை' என்று ஒரு பொய்ப் பெயர். ஊரே கல்லறையில் இருக்கும்போது போட்டால் யார் பார்க்கப் போகிறார்கள், சாயங்காலத்துக்குள் மீன் விலையும் மின்வெட்டு அறிவிப்பும் வந்து அமுக்கிவிடும் என்று கணக்குப் போட்டாள்.

ஒன்றை மட்டும் அடியோடு மறந்துபோனாள். சாவுக்குப் போனவர்கள் நேரே வீட்டுக்குப் போகமாட்டார்கள். வழியில் எங்கேயாவது உட்கார்ந்து எழுந்தால்தான் செத்தவர் பின்னாலேயே வீட்டுக்கு வராமல் இருப்பார். கல்லறையிலிருந்து வரும் வழியில் உட்கார இருந்த ஒரே இடம் அவள் கடை பெஞ்சுதான். போதாக்குறைக்கு, காசு போட்டால் சில நிமிஷம் இணையம் தருகிற அவளுடைய பெட்டியும் அந்தச் சுவரில்தான் தொங்கியது.

வெயிலோடு வந்து சேர்ந்தார்கள். தேதுலோவின் மனைவி கொர்டிங்கை நடுவில் உட்காரவைத்து யாரோ விசிறினார்கள். பள்ளிக்கூடத்து எவரிஸ்தோ வாத்தியார் குளிர்பானத்தை வாங்கிக்கொண்டு நிழலில் நின்றார். மீன் விற்கும் சாயோங் பெட்டியில் காசைப் போட்டாள். அந்தச் சத்தம் கேட்டதும் பெர்லித்தா துடைத்துக்கொண்டிருந்த பாட்டிலைக் கீழே வைத்தாள்.

"ஏய், இங்க பாருங்கடி, நம்ம தேதுலோ அண்ணனப் பத்தி யாரோ எழுதியிருக்காங்க!" சாயோங்குக்கு மனசுக்குள் படிக்கத் தெரியாது. மீன் கூவும் அதே குரலில் படிக்க ஆரம்பித்தாள்.

பெர்லித்தா வெங்காயக் கூடைக்குப் பின்னால் குனிந்துகொண்டாள். கோமாளிச் சத்தம் எந்த வரியில் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. தேதுலோ கயிற்றை அவிழ்ப்பதற்கு முன் செருப்பைக் கழற்றி வைப்பதைச் சாயோங் படித்தாள். "அடடா, ஆமாம்ல" என்றது ஒரு குரல். கர்ப்பிணிகளை அவர் அலை தெறிக்காத பக்கம் உட்காரவைப்பதைப் படித்தாள். "என்னை அங்கதான் உட்காரவெச்சாரு" என்றாள் ஒருத்தி. பெர்லித்தா மெல்லத் தலையை நிமிர்த்தினாள். கொர்டிங் விசிறியைக் கையால் தடுத்து நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"யாரு இந்தத் துறைப் பூனை? இப்படி எழுதறதுக்கு நம்ம ஊர்ல யாரு இருக்கா?" என்றாள் விசிறியவள்.

"வேற யாரு? சார்தான்!"

எல்லோரும் வாத்தியாரைப் பார்த்தார்கள். அவர் இல்லை என்று சொல்லியிருக்கலாம். குளிர்பானத்தை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, தரையைப் பார்த்து அடக்கமாகச் சிரித்தார். "யார் எழுதினா என்னம்மா, நல்லா இருக்கா இல்லையா, அதானே முக்கியம்" என்றார்.

பெர்லித்தாவுக்குக் காதெல்லாம் சூடேறியது. இத்தனை காலம் நெஞ்சில் உட்கார்ந்திருந்த பயத்தை ஒரு நொடியில் அந்த எரிச்சல் தள்ளிவிட்டு ஏறிக்கொண்டது. படகில் தூங்கிக்கொண்டே போகிற ஆள், அவருக்குச் செருப்பு தெரியுமா, அலை தெரியுமா!

"இருங்க, முடிக்கல. 'எல்லோரும் எஞ்சின் கோளாறு என்றார்கள். கோளாறு எஞ்சினில் இல்லை.'" சாயோங் நிறுத்தினாள். "அடச்சே! ரெண்டாம் பகுதிக்குப் போனா சுத்திக்கிட்டே கெடக்கு. நிமிஷம் தீந்துபோச்சு. சார், நீங்கதானே எழுதினது, மிச்சத்த வாயாலயே சொல்லுங்களேன்."

வாத்தியார் இருமினார். "அது... படிச்சாத்தான்மா சுவை."

"அடியே பெர்லி, ஒரு காசு குடுடி. அப்புறம் மீனாத் தரேன்."

கல்லாவுக்குள் கை போயிற்று, காசும் விரலில் சிக்கியது. வலையில் இருந்த சின்னத் துளை வழியாக நீட்டிவிட்டால் போதும். அவர்கள் படிப்பார்கள், வாத்தியார் தலையாட்டுவார், அவள் பாட்டில் துடைக்கலாம். துளைக்கு வெளியே சாயோங்கின் செதில் ஒட்டிய உள்ளங்கை காத்திருந்தது.

"எஞ்சின் நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள் பெர்லித்தா. தன் குரலே யாருடையதோ போல இருந்தது. "தினமும் வட்டம் அடிக்கமாட்டாரு. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போற ஆளு படகுல இருந்தா மட்டுந்தான். அவங்க ஏறினதும் முகத்தக் காட்டாம கடலையே பாத்துக்கிட்டு உட்காந்துருப்பாங்க. அவரு வேணும்னே எஞ்சினத் திக்கவெச்சுத் திருப்புவாரு. அப்பத்தான் கரையில நிக்கிற பெத்தவங்களையும் வீட்டையும் அவங்க இன்னொரு தரம் நேருக்கு நேர் பாப்பாங்க. யாருகிட்டயும் சொன்னதில்ல. நான் இங்கருந்து பாத்துக்கிட்டே இருந்தேன்."

சாயோங்கின் கை துளையிலேயே நின்றது. அவள் மகள் குவைத்துக்குப் போய் வருஷக்கணக்காகிறது.

"எம் பொண்ணு போன அன்னிக்கும் சுத்தினாரு," என்றாள் சாயோங். கூவுகிற குரல் எங்கோ போய்விட்டிருந்தது. "விமானத்த விட்டுருவா, படகா இது தகர டப்பாவான்னு கரையில நின்னு நான் கத்தினேன். அவ திரும்பி என்னப் பாத்துச் சிரிச்சா. அந்தச் சிரிப்புதான் எனக்கு இன்னும்..." முந்தானை மாதிரித் தோளில் போட்டிருந்த துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு சந்தேகம் தீரவேண்டும் என்றோ என்னவோ, பெர்லித்தாவின் விரலிலிருந்து காசைப் பிடுங்கிப் பெட்டியில் போட்டாள். பல தலைகள் கைபேசி மேல் கவிழ்ந்தன. சாயோங்கின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. அவள் மனசுக்குள் படிப்பதை ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது. படித்து முடித்து, வலைக்குப் பின்னால் இருந்தவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அடிப்பாவி," என்றாள். "கடன் கணக்குன்னுல்ல நினைச்சேன்!"

வாத்தியார் குளிர்பானப் பாட்டிலைத் திண்டின் மேல் வைத்துவிட்டு, வெயில் அதிகம் என்று சொல்லிக்கொண்டே கிளம்பினார்.

கொர்டிங் பெஞ்சை விட்டு எழுந்து வலையருகே வந்தாள். பெர்லித்தா அவள் கண்ணைப் பார்க்கத் துணியவில்லை. அடக்கம் செய்த மண் கூடக் காயவில்லை, அதற்குள் எழுதிவிட்டாயே என்று கேட்டால் என்ன சொல்வது?

"எனக்கே தெரியாது," என்றாள் கொர்டிங். "ஊரே சிரிக்குதேன்னு எஞ்சினுக்குப் புது பெல்ட் வாங்கியாந்து மூஞ்சில எறிஞ்சேன். மனுஷன் ஒரு வார்த்தை பேசல. மாட்டிக்கிட்டாரு. மறுநாளும் சுத்தினாரு." சிரிக்கப் போனாள், அது பாதியில் அழுகையானது. "அதையும் சேத்து எழுதும்மா. பூனை கீனையெல்லாம் வேணாம். அவரப் பத்தி யாரு சொல்றாங்கன்னு தெரியணும், உன் பேரப் போட்டு எழுது."

அரிசி மூட்டைக்குள் கைவிட்டுக் கைபேசியை எடுத்தாள் பெர்லித்தா. அரிசி உதிர்ந்தது. பக்கவாட்டுக் கதவின் தாழ்ப்பாளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் நெருக்கி உட்கார்ந்து இடம் விட்டார்கள். ஒரு பக்கம் கொர்டிங்கின் கறுப்புத் துணி உரச, மறுபக்கம் சாயோங்கின் மீன் வாடை அடிக்க, பூனை இருந்த இடத்தை அழித்துவிட்டுத் தன் பெயரை எழுத்தெழுத்தாகத் தொட்டாள். விரல் வழுக்கி ஓர் எழுத்து தப்பாக விழுந்தது.

"சீக்கிரம் போடுடி, நிமிஷம் ஓடுது!" என்று விலாவில் இடித்தாள் சாயோங்.

பெட்டி தன்னுடையதுதான் என்பதையே மறந்து, பெர்லித்தா அவசர அவசரமாகத் திருத்திக்கொண்டிருந்தாள்.