காலியாக ஓடாத சூறாவளி

'சூறாவளி' என்ற அந்த ரோலர் கோஸ்டரைக் கட்டி முடிப்பதற்குள் இன்ஜினியர் பாதித் தலைமுடியைப் பறிகொடுத்திருந்தார். அதன் முதல் மேடு அத்தனை உயரம். மேகங்கள் தலையைக் குனிந்துகொண்டுதான் அந்தப் பக்கம் போகும். பருந்துகள் பாதியில் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு மிச்சத்தைப் பறக்கும்.

அவர் மனைவி பெட்டி கட்டிவிட்டாள். அக்கா வீட்டுக்குப் போகிறாள். திரும்பி வருகிறவள் கட்டிய பெட்டி இல்லை அது; தையல் மெஷினும் கூடவே போகிறது.

"ஒரே ஒரு தடவை வந்து ஏறிப் பாரு. அதுக்கப்புறமும் போகணும்னு தோணினா போ" என்று அவர் கெஞ்சியதால்தான் திறப்பு நாளன்று வந்திருந்தாள்.

ஓட்டத்தில் அவருக்குத் துளிச் சந்தேகம் கிடையாது. மாதக்கணக்கில் எல்லா இருக்கைகளிலும் மணல் மூட்டைகளை ஏற்றி ஓட்டிப் பார்த்தவர். ஒவ்வொன்றுக்கும் தன் கையாலேயே பெல்ட் மாட்டுவார். வேலையாட்கள் அவற்றுக்கு மீசை வரைந்து 'பெரியப்பா', 'சம்பந்தி' என்று முறையும் வைத்திருந்தார்கள். ஒரு சம்பந்திகூட வாந்தி எடுத்ததில்லை.

திறப்பு நாளன்று தூறல். வந்த கொஞ்சநஞ்சக் கூட்டமும் மேட்டை அண்ணாந்து பார்த்துக் கழுத்தைச் சுளுக்கிக்கொண்டு ராட்டினப் பக்கம் நழுவிவிட்டது.

"ஒருத்தரும் ஏறலையே சார். மூட்டைங்களையே ஏத்திடட்டுமா?" என்றார் வண்டியை இயக்குபவர். தூக்கத்திலும் கொட்டாவி விடுவார் என்பதால் அவருக்குக் கொட்டாவி என்றே பெயர்.

"திறப்பு அன்னிக்கு மூட்டையா? மானம் போயிடும்யா. நாங்க ரெண்டு பேர் போறோம், விடு."

மனைவிக்கு பெல்ட் மாட்டும்போது அவர் விரல்கள் தடுமாறின.

"மூட்டைக்கெல்லாம் கண்ணை மூடிக்கிட்டே மாட்டுவீங்களாமே" என்றாள்.

முதல் மேட்டிலிருந்து வண்டி விழுந்தபோது அவள் அவர் கையைப் பிடித்தாள். எத்தனை வருஷமாயிற்று! இந்தப் பிடிக்காக இன்னும் நூறு மேடு கட்டியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. அதற்குள் இரண்டாவது மேட்டில் வண்டிக்கு மூச்சு வாங்கியது. உச்சிக்கு ஒரு முழம் இருக்கையில் நின்றது, யோசித்தது, பின்னுக்கு வழுக்கியது. இரண்டு மேட்டுக்கும் நடுப் பள்ளத்தில் தொட்டில் மாதிரி ஆடி ஓய்ந்தது.

"என்னாச்சுங்க?"

"எடை பத்தல. வண்டி நிறைஞ்சிருந்தா அந்த வேகத்துலயே தாண்டியிருக்கும். காலியா ஓட வேண்டி வரும்னு நான் நினைக்கவே இல்ல."

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"என்னைக் கேட்டிருக்கலாம்ல. தினம் ராத்திரி ரெண்டு தட்டு வெச்சு ஒரு தட்டை மட்டும் கழுவுறவ நான்."

ஏணி வந்தது. அவள்தான் முதலில் இறங்கினாள். கீழே நின்று புடவையை உதறிவிட்டு, "மத்தியான சோறு மேசை மேல மூடி இருக்கு. ஆறிப்போறதுக்குள்ள சாப்பிடுங்க" என்றாள். ஆட்டோ வாசலிலேயே காத்திருந்தது.

வண்டியைப் புறப்பட்ட இடத்துக்குக் கொண்டுவந்து சேர்க்க வேறு வழியில்லை. பள்ளத்திலேயே மூட்டைகள் ஏறின. அவள் உட்கார்ந்த இடத்தில் பெரியப்பா. இன்ஜினியரே பெல்ட் மாட்டினார். இந்தத் தடவை விரல் தடுமாறவில்லை.

கம்பி கட்டி முதல் மேட்டுக்கு இழுத்துவிட்டதும், சூறாவளி காற்றைக் கிழித்துக்கொண்டு எல்லா மேட்டையும் தாண்டி வந்து நின்றது.

"பாத்தீங்களா சார், ஒரு குறையும் இல்ல" என்றார் கொட்டாவி.

"இன்னொரு தடவை விடு" என்றார் இன்ஜினியர்.