புருசனின் ரத்தத்தையும் கேட்டார்கள்

வட்டவளைக்கு மேலே இருக்கும் தோட்டத்தில் பிள்ளைக் காம்பரா பார்க்கிறவள் பிரேமினி. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுச் செல்லும் குழந்தைகளை மாலைவரை கவனித்துக்கொள்கிற வேலை. இரண்டாவது பிள்ளை வயிற்றில் நான்கு மாதமாக இருந்தபோது, கிளினிக்கில் எடுத்த ரத்தத்தில் ஏதோ தெரிகிறது, புருசனையும் கூட்டிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

"புள்ள ஒன் வயித்துல. என் ரத்தம் எதுக்கு அவங்களுக்கு?" என்றான் நிரஞ்சன். ஹட்டனில் ஓட்டோ ஓட்டுகிறவன். ஊசி என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவன்.

"அதத்தான் நானும் கேக்கணும்ங்க," என்றாள். பயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு விஷயம் புரியாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

ரத்த வங்கியில் டொக்டர் ஷாமிலா அவர்களை உட்காரவைத்துப் பேசினார்.

"உங்கட குரூப் ஓ பொசிட்டிவ், அதில பிரச்சினை இல்ல. ஆனா உங்கட ரத்தத்தில ஒரு பிறபொருளெதிரி இருக்கு. சில ஆக்கள்ட சிவப்பணுவில ஒரு அடையாளம் இருக்கும். அதக் கண்டா இது தாக்கும். வயித்தில இருக்கிற புள்ளைக்கு அந்த அடையாளம் இருந்தா, புள்ளைட ரத்தத்தையும் தாக்கலாம்."

"எனக்கு அது எங்கேருந்து வந்துச்சு டொக்டர்?"

"உங்கள்ட்ட இல்லாத அடையாளம் வேற ரத்தத்தோட உள்ள வந்திருக்கணும். மூத்த புள்ளைட ரத்தம் கலந்திருக்கலாம். இல்லாட்டி, எப்பயாவது ரத்தம் ஏத்தினாங்களா?"

ஏற்றியிருந்தார்கள். மூத்தவள் நிலக்ஷி பிறந்தபோது ரத்தப்போக்கு நிற்காமல், கண் இருட்டிக்கொண்டு போன சமயம்.

"அஞ்சு வருசமாச்சே. அத இன்னும் ஞாபகம் வச்சிருக்கா ஒடம்பு?"

"லேசில மறக்காது. இப்ப இவர்ட ரத்தத்தப் பாப்பம். புள்ளைக்கு அந்த அடையாளம் வாறதா இருந்தா அப்பாக்கிட்ட இருந்துதானே வரணும்."

நிரஞ்சன் சுவரைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டினான்.

முடிவு வந்த அன்று டொக்டர் சிரித்த முகமாக இருந்தார். நிரஞ்சனுக்கு அந்த அடையாளம் கிடையாது. ஆகவே இந்தப் பிள்ளைக்கு இதனால் ஆபத்தில்லை. அவன் கிளம்ப எழுந்தான். பிரேமினி எழுந்திருக்கவில்லை.

"இவருக்கு இல்லன்னா நிலக்ஷிக்கும் வந்திருக்காது. அப்ப அவளால வந்ததில்ல. எனக்கு ரத்தம் குடுத்த ஆளால வந்தது."

"சரியாச் சொன்னீங்க."

"அது யாருன்னு தெரிஞ்சுக்க முடியுமா?"

"அதச் சொல்ல மாட்டம். ஆனா எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இந்த விஷயத்தச் சொல்லிப் போடுங்க. இனி ரத்தம் ஏத்திறதா இருந்தா, அந்த அடையாளம் இல்லாத ரத்தமாப் பாத்துத்தான் ஏத்தணும்."

திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஓட்டோவின் பின்சீட்டில் இருந்து பிரேமினி கேட்டாள்:

"அந்த ஆளுக்குத் தெரிஞ்சா கோவம் வருமாங்க? அவரு குடுத்தத நம்ம ஒடம்பு வெரட்டியிருக்கே."

"வெரட்டுறதுக்கு முன்னால ஒன்னக் காப்பாத்திருச்சில்ல," என்றான் அவன், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஆண் பிள்ளை, சுகப்பிரசவம். அவளுக்கென்று பொருத்தம் பார்த்து எடுத்துவைத்திருந்த ரத்தம் தேவைப்படவில்லை. பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அந்த ரத்தம் இனி யாருக்குப் போகும் என்று நர்ஸிடம் கேட்டாள்.