முதல் நாள் ஆட்டம்

சாமான் அறைக் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தை விளையாட்டு டீச்சர் மூன்றாவது முறையாகப் படித்தாள். ஐந்து பெயர்கள். சனிக்கிழமை நகரத்தில் நடக்கிற விளையாட்டு விடுதித் தேர்வுக்குப் போகிறவர்கள். அதில் அவள் மகள் இல்லை. பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்கிற ஒருத்தி, தலைமையாசிரியரின் அண்ணன் பெண், நான்காவதாக இருந்தாள். அந்தப் பிள்ளைக்கு நடிக்க வராது. மற்றவர்கள் எல்லாம் வேண்டுமென்றே தவறவிட்ட நாளில் அவள் உண்மையாக ஆடிய ஆட்டமே நான்காவது இடத்துக்கு வந்துவிட்டது.

காகிதத்தை ஒட்டியவள் திங்கட்கிழமை வந்திறங்கிய மாணவி. வெளிநாட்டுக் கல்லூரியில் உடற்கல்வி படிக்கிறாள். கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு தொண்டு அமைப்பு வருடத்துக்கு ஒருவரை ஆறு வாரத்துக்கு அனுப்பும். தமிழ் வீட்டில் பேசிப் பழகிய மொழி என்பதால் இவளுக்கு இந்தப் பள்ளி. வந்த அன்றே, டீச்சர் கயிறு போட்டு முடிந்து முடிந்து உயிரோடு வைத்திருந்த வாலிபால் வலையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டாள். அந்த இரண்டு விரலை டீச்சரால் மன்னிக்க முடியவில்லை. பிள்ளைகள் அவளுக்கு ‘விசில்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அது கழுத்தில் தொங்காமல் அவளைப் பார்க்க முடியாது.

ஆனால் இந்த வினையை இழுத்து வைத்தது டீச்சரேதான். ஐந்து வருடத்துக்கு முன்னால் வந்த முதல் மாணவனிடம் பிள்ளைகள் உயிரைக் கொடுத்து ஆடிக் காட்டினார்கள். அவனும் வாய் பிளந்து பார்த்துவிட்டு, ‘இந்தப் பள்ளிக்கு உதவி தேவையில்லை’ என்று எழுதிவிட்டுப் போனான். பந்தும் ஷூவும் வேறு ஊருக்குப் போயின. அந்த வருடம் முழுக்க ஒட்டுப் போட்ட இரண்டு பந்துதான். அமைப்பின் கணக்கு அவளுக்கு அப்போதுதான் பிடிபட்டது. முதல் நாள் ஆளுக்குப் பத்துப் பந்து போட்டு ஒரு சோதனை, கடைசி நாள் ஒரு சோதனை, நடுவில் எவ்வளவு முன்னேற்றமோ அவ்வளவு சாமான். மறு வருடத்திலிருந்து பிள்ளைகளுக்கு ‘முதல் நாள் ஆட்டம்’ என்று ஒன்றைப் பழக்கினாள். ஆளுக்கு நாலைந்து பந்தைத் தவறவிட வேண்டும். ஒருத்தி மட்டும் பத்தையும் விட வேண்டும், அப்போதுதான் பார்க்கிறவனுக்கு மனசு இளகும். ஊரார் பிள்ளையை அப்படி நிற்கச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மகளைச் சொன்னாள். அவளும் அதைக் கலையாகவே கற்றுக்கொண்டாள். கை ஒரு நூல் தாமதமாக நீளும், கால் காலிலேயே இடறும். நாலு வருடம், நாலு ‘சிறந்த முன்னேற்றம்’ சான்றிதழ். இந்த வருடம்தான் முதல் நாள் சோதனையை வைத்தே தேர்வுக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

“பாத்தாச்சா டீச்சர்?” மகள் பின்னால் நின்றிருந்தாள். பள்ளிக்கூடத்தில் அம்மா கிடையாது, டீச்சர்தான். அது டீச்சரே போட்ட சட்டம்.

“நான் பேசிக்கிறேன்.”

“என்னன்னு பேசுவீங்க? ஓட்டைக்கைன்னு என்னைக் கூப்பிடுறாங்க, தெரியுமா? மொதல்ல வெளையாட்டுக்குச் சொன்னாங்க. இப்ப சின்னக் கிளாஸ் பிள்ளைங்களுக்கு அதுதான் என் பேரு. மத்தவங்கள கேக்க உங்களுக்கு வாய் வரல. என்னைக் கேக்க மட்டும் வந்துச்சு.”

டீச்சருக்குச் சுருக்கென்றது. மறு நொடி கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடேயே ஆசிரியர் அறைக்குப் போனாள்.

விசில் மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “அந்தப் பொண்ணா? பத்துக்குப் பத்தும் விட்டாளே. உங்க பொண்ணுன்னு சொன்னாங்க. நீங்களே வந்து கேக்கலாமா?”

“அவ வேணும்னே விட்டா. நான்தான் விடச் சொன்னேன்.” எல்லாவற்றையும் கொட்டினாள். பாதி கொட்டும்போதே அந்தப் பெண்ணின் முகம் இறுகிக்கொண்டு போவது தெரிந்தது.

“அப்ப நாலு வருஷமா எல்லாமே பொய்யா? எங்க சீனியர்ங்க இந்த ஊரப் பத்திப் பேசாத நாள் இல்ல. ஆறு வாரத்துல பிள்ளைங்கள எங்கயோ கொண்டுபோயிட்டோம்னு. அதக் கேட்டுத்தான் நான் வந்தேன்.”

“கொண்டுபோனது நான்” என்றாள் டீச்சர். “வருஷம் பூரா காலைல ஆறு மணிக்குக் கிரவுண்டுல நிக்கிறது நான். நீங்க வந்து விசில் ஊதிட்டு, போட்டோ புடிச்சிட்டுப் போறீங்க.”

“பொய் சொல்லச் சொல்லிக் குடுத்தது நீங்க. நான் இத எழுதத்தான் போறேன். இனிமே இங்க ஒரு பந்து வராது.”

“தாராளமா எழுதுங்க. அவள மட்டும் ஒரு தடவ பாருங்க. பத்தே பத்து பந்து.”

விசில் அவளை மேலும் கீழும் பார்த்தாள். “நாலு மணி. ஏழு எடுத்தா ஆறாவதா ஒரு பேரு சேக்கச் சொல்லிக் கேக்குறேன்.”

நாலு மணிக்குள் சேதி பள்ளி முழுக்கப் பரவிவிட்டது. பந்து போச்சு, ஷூ போச்சு, தன் மகளுக்காக டீச்சர் எல்லோரையும் காட்டிக் கொடுத்துவிட்டாள். கோட்டுக்கு வெளியே நின்ற பிள்ளைகளில் ஒருத்திகூட டீச்சரின் முகத்தைப் பார்க்கவில்லை. மகள் மைதானத்தின் கடைசிக் கோட்டில், சடையை முதுகுக்குத் தள்ளிவிட்டு, முழங்கால் மடக்கி நின்றாள். எவ்வளவு அழகான நிற்பு. அதைச் சொல்லிக் கொடுத்தவள் என்ற பெருமை, இத்தனை அவமானத்துக்கு நடுவிலும் டீச்சருக்கு ஒரு நொடி வந்தது.

விசில் முதல் பந்தைப் போட்டாள். மெதுவான பந்து, நேராக வந்தது. மகளின் கை ஒரு நூல் தாமதமாக நீண்டது. பந்து புழுதியில் விழுந்தது. இரண்டாவதற்குக் கால் காலிலேயே இடறியது. டீச்சருக்குப் புரிந்துவிட்டது. இதுவும் அதே ‘முதல் நாள் ஆட்டம்’தான்.

“ஏய், எடுடி!” என்று கத்தினாள். மைதானத்தில் அவள் யாரையும் ‘டீ’ போட்டதில்லை. “உன் வாழ்க்கடி அது! அம்மா சொல்றேன், எடு!”

மூன்று, நாலு, ஐந்து. ஒவ்வொன்றும் பழக்கியபடியே விழுந்தது. ஓரத்தில் யாரோ சிரித்தார்கள், பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஆறு, ஏழு, எட்டு. ஒன்பது. பத்தாவது பந்து மகளின் காலடியில் போய் நின்றது.

“இன்னும் எத்தன பொய் வச்சிருக்கீங்க?” என்று டீச்சரிடம் கேட்டுவிட்டு, விசில் முதுகைத் திருப்பிக்கொண்டு நோட்டில் எழுத ஆரம்பித்தாள்.

மகள் குனிந்து பந்தை எடுத்தாள். பாவாடையில் துடைத்தாள். கடைசிக் கோட்டிலிருந்து அதை உயரத் தூக்கிப் போட்டு எம்பி அடித்தாள். மொத்த மைதானத்தையும் தாண்டி, வலைக்கு ஒரு சாண் மேலே, வலைக்கு அந்தப் பக்கம் நின்ற டீச்சரின் நெஞ்சுக்கு நேராக வந்தது பந்து. அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“போதுமா டீச்சர்?”

விசில் திரும்பியபோது மகள் பையை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். டீச்சரின் உள்ளங்கை இரண்டும் சிவந்து எரிந்தன. பந்தைக் கீழே வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.